தாள் முடியும் இடம்

எங்கள் ஊரை வரைந்தவர்கள் அதை ஒரே தாளில் வரையவில்லை. பூமியைக் கட்டம் கட்டமாக வெட்டிக்கொண்டே வந்ததில், ஒரு வெட்டு எங்கள் ஊரின் இடுப்பில் விழுந்துவிட்டது. ஏரிக்கரையின் மேல்பாதி, சந்தை, ரயில் நிலையம், ஆஸ்பத்திரி எல்லாம் வடக்குத் தாளில். செங்கல் சூளைகள், களிமண் பள்ளங்கள், கால்வாய்க்கு அப்பால் கிடந்த வெற்று நிலம் எல்லாம் தெற்குத் தாளில். தெற்குத் தாளை ஒரு கூட்டம் அளந்துவிட்டுப் போய்ப் பல வருடம் கழித்துத்தான் வடக்குத் தாளை அளக்க வேறொரு கூட்டம் வந்தது. வந்தவர்கள் தெற்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. களிமண்ணில் புதிதாக என்ன முளைத்துவிடப் போகிறது என்று நினைத்திருப்பார்கள், புண்ணியவான்கள்.

இந்தத் தாள்களை ஒட்டுவது என் வேலை. நில அளவை அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை. பழைய தாளை ஸ்கேனரில் போட்டு, திரையில் அதன் வெள்ளை ஓரத்தை நறுக்கி, பக்கத்துத் தாளோடு பொருத்த வேண்டும். சாலையோடு சாலை, ஓடையோடு ஓடை, சமஉயரக் கோட்டோடு கோடு. பழைய காகிதம் ஈரத்தில் நீண்டிருக்கும், வெயிலில் சுருங்கியிருக்கும். சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருக்கும் இரண்டு சம்பந்திகளைக் கைகுலுக்க வைப்பது மாதிரியான வேலை. எங்கள் மேலாளர் அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் மில்லிமீட்டர். ஒரு கோடு அந்த அளவுக்குக்கூட விலகக் கூடாது அவருக்கு.

அந்த வருடம் மழை பொய்த்தது. அதற்கு முந்தைய வருடமும்தான். ஏரி பின்வாங்கிப் பின்வாங்கி, அணை கட்டியபோது முழுகிப்போன பழைய ஊரின் சுவர்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. சனங்கள் கும்பல் கும்பலாகப் போய்ப் பார்த்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை, வேடிக்கைக்குக் குறைவில்லை. நகரசபைக்கும் ஆசை வந்தது. ஏரியை உயர்த்துவதற்கு முன்னால் ஊரும் சுற்றுப்புறமும் எப்படி இருந்தன என்று சுவர் அகலத்துக்கு ஒரு வரைபடம் வேண்டுமாம். என் மேசைக்கு இரண்டு தாள்களும் வந்தன.

இடுகாட்டுக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது. வடக்குத் தாளில் அது தெளிவாக இருந்தது. புள்ளிப்புள்ளியாக வேலி, உள்ளே குழிகளைக் காட்டும் சின்னச் சின்னக் கட்டங்கள். மேற்கு வேலியும் கிழக்கு வேலியும் தெற்கு நோக்கி இறங்கி, தாளின் ஓரத்தில் முட்டி, அப்படியே நின்றன. மூன்று பக்கம் வேலி, நான்காவது பக்கம் தாளின் விளிம்பு. தெற்குத் தாளில் அதே இடத்தில் ஒன்றும் இல்லை. கால்வாய், ஒரு பாலம், சூளையின் புகைபோக்கி, மிச்சமெல்லாம் களிமண். அந்தத் தாளை அளந்த காலத்தில் அங்கே யாரும் செத்திருக்கவில்லை போலும்.

வேறு ஊர்த் தாளாக இருந்தால் ஒரு டீயைக் குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். அந்த இடுகாட்டில் என் அப்பாவைப் புதைத்திருந்தார்கள்.

அப்பா சூளையில் வேலை பார்த்தவர். நான் தொட்டிலில் கிடந்தபோது சூளைச் சுவர் சரிந்து அவர் மேல் விழுந்தது. எனக்கு நினைவு தெரிகிற வயதில் அணை கட்டி ஏரியை உயர்த்தினார்கள். கீழ் ஊர் முழுகுவதற்கு முன்னால், இறந்தவர்களை எடுத்துக் குன்றின் மேல் புது இடுகாட்டில் வைத்தார்கள். அங்கே அப்பாவின் பெயரோடு ஒரு பலகை நின்றது. அக்கா வேலைக்குப் போன முதல் வருடம் பலகையை எடுத்துவிட்டுக் கல் நட்டாள். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெரிய நகரத்தில் நல்ல வேலை ஒன்று அவளைத் தேடி வந்தபோது, "ஞாயித்துக்கிழமை அப்பாவை யாருடி பாத்துக்குவாங்க?" என்று அம்மா கேட்டாள். அக்கா போகவில்லை. பார்க்க வந்த மாப்பிள்ளைகளும் வெளியூர்க்காரர்கள்தான். அவர்களிடமும் போகவில்லை. ஞாயிறு தவறாமல் ஒரு வாளி, ஒரு பிரஷ், கொஞ்சம் பூ என்று குன்றேறிக் கல்லைத் தேய்த்துவிட்டு வருவாள். கல்யாணம் எனக்கும் ஒட்டவில்லை என்பதால் மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

இப்போது அம்மா படுக்கையில். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து எழுந்திருக்கவில்லை. உடம்புதான் படுத்ததே தவிர வாய் நன்றாக ஓடியது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அப்பாவை வைத்த அதே குழியில் தன்னையும் வைக்க வேண்டும். குன்றில் இட நெருக்கடி, ஒரே குழியைத் தோண்டிக் குடும்பத்தில் அடுத்தவரை வைப்பது அங்கே வழக்கம்தான். "அவரோட அஞ்சாறு வருஷம்தான்டா குடும்பம் நடத்தினேன். மிச்சத்தை அங்க போய் நடத்திக்கிறேன்" என்பாள்.

அன்று சாயங்காலம் அம்மாவின் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பழைய இடுகாட்டுல அப்பாவை எந்தப் பக்கம் வெச்சீங்கம்மா?"

"ஏன்டா, பக்கத்துல மனை வாங்கப் போறியா?"

"வேலைக்கு வேணும். சொல்லுங்க."

"பாலத்தைத் தாண்டி. வடக்குப் பக்கம் கடைக்காரங்க, உத்தியோகக்காரங்க. சூளைக்காரங்கன்னா கால்வாய்க்கு அந்தாண்டை. செத்த பிறகும் அவனவன் இடத்துல அவனவன்." அம்மா சிரித்தாள். "கல்லு வைக்க எங்க போறது? தலைமாட்டுல நாய் மிதிச்ச செங்கல் ஒண்ணு நட்டு வெச்சேன். பாதம் பதிஞ்சிருக்கும். அதைப் பார்த்துத்தான் போற வர்றப்போ கண்டுபிடிப்பேன்."

பச்சைச் செங்கலைக் காயப் போட்டிருக்கும்போது நாய் குறுக்கே ஓடினால் கால் பதியும். சூளையில் வெந்த பிறகு அது அழியாது. அம்மா சொன்ன இடம் தெற்குத் தாளில் வெறும் களிமண்ணாக இருந்த இடம்.

குழிகளை மாற்றிய வேலைக்கு மேஸ்திரியாக இருந்தவர் இன்னும் உயிரோடு இருந்தார். மருமகனின் சைக்கிள் கடை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, போகிற வருகிற டியூப்களை வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ப் பஞ்சத்தில் மாற்றாமல் விட்ட அந்த வாளித் தண்ணீர் கரியாகக் கறுத்திருந்தது. நான் இரண்டு தாள்களின் நகலையும் அவர் மடியில் விரித்தேன். வடக்குத் தாளை மட்டும் விரலால் தட்டினார்.

"இதேதான் கொடுத்தாங்க. இந்த வேலிக்குள்ள இருக்கிறதை எடுக்கணும்னு கான்ட்ராக்ட். தாள் முடிஞ்ச இடத்துல வேலையும் முடிஞ்சுது."

"பாலத்துக்கு அந்தப் பக்கம் குழி இருந்துது. உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியாம என்ன தம்பி? கேட்டோம். வந்த ஆபீசர் படத்தை விரிச்சு, 'இதுல இருக்கா?'ன்னார். இல்லன்னோம். 'இல்லன்னா இல்ல'ன்னார். தண்ணி வேற ஏறிக்கிட்டு வந்துது."

"அப்போ மேல இருக்கிற பலகை எல்லாம்?"

மேஸ்திரி டியூபை வாளியிலிருந்து எடுத்துத் துடைத்தார். குமிழி வந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டார். என்னைப் பார்க்கவில்லை. "சொந்தக்காரங்க வந்து பேர் கொடுத்தாங்க. கொடுத்த பேருக்கெல்லாம் பெட்டி மேல போகணும்னு உத்தரவு. பேர் நிறைய இருந்துச்சு தம்பி. ஆள் பத்தல."

"அதனால?"

"பகிர்ந்தோம்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம். ஒரு ஆளை இரண்டாகவும், சில சமயம் மூன்றாகவும் பிரித்துப் பெட்டிகளில் போட்டிருக்கிறார்கள். சூளைக்காரர்களின் பெயர்கள் கடைசியில்தான் வந்தன. அப்பாவின் பெட்டியில் யாருடைய எந்தப் பாதி போனது என்று அவருக்குத் தெரியாது. சொல்லி முடித்து, "வீட்டுல பெரியவங்க இருக்காங்களா?" என்று கேட்டார். அம்மா இருக்கிறாள் என்றேன். "அப்போ சொல்லாதீங்க" என்றார்.

அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் சமையலறையில் ஒரு தம்ளர் தண்ணீரில் மூன்று தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை கழுவினாள். கத்துவாள் என்று நினைத்தேன். ஈரக் கையோடு சுவரில் சாய்ந்து நின்று, "நான் போன ஞாயித்துக்கிழமைகூடத் தேய்ச்சேனேடா" என்றாள். பிறகு, "அம்மா காதுக்குப் போச்சுன்னா உன் காலை உடைப்பேன்" என்றாள்.

அவளே காட்டிக்கொடுத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு வாளியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவள், அதைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்து துணி மடிக்க உட்கார்ந்தாள். அத்தனை வருடத்தில் காய்ச்சலில்கூட அவள் போகாமல் இருந்ததில்லை. கட்டிலிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னடி, இன்னிக்குப் போகல?"

"வெயிலா இருக்கும்மா."

"வெயில் நேத்துப் பிறந்துதா? இங்க வா. என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

அக்காவுக்குப் பொய் வராது. வராது என்றுதான் அப்போது நானும் நினைத்திருந்தேன். மாலை மாலையாகக் கண்ணீர் விட்டாளே தவிர வாயைத் திறக்கவில்லை. கடைசியில் நான்தான் எல்லாவற்றையும் கொட்டினேன். வரைபடத்தின் ஓரம், மேஸ்திரி, பெட்டிகள். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"மேல இருக்கிறது ஆம்பளையா பொம்பளையா? அதுவாவது தெரியுமா?"

"தெரியாதும்மா."

"அந்தக் குழியிலயா என்னைப் போடப் பாத்தீங்க? முன்ன பின்ன தெரியாத ஆளோட?" அதற்குப் பிறகு அக்கா பக்கம் திரும்பினாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள். "இத்தனை வருஷம் யாருக்குடி பூ வெச்சே?" என்று கேட்கும்போது குரல் உடைந்துவிட்டது. அக்காவின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் நான் அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வெளியே போய் நின்றுகொண்டேன்.

உள்ளே கூப்பிட்டபோது அம்மா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். "ஏரி எதுவரைக்கும் இறங்கியிருக்கு?"

"புகைபோக்கி அடிவரைக்கும் தெரியுது. பாலமும் வெளியே வந்துடுச்சு."

"அப்போ அவரும் வெளியே வந்திருப்பாரு. போய்ச் செங்கலைக் கண்டுபிடிங்க. என்னை அங்க கொண்டுபோய் வைங்க. சேத்துல யாரு வந்து கேக்கப் போறா?"

மறுநாள் நானும் அக்காவும் ஏரிக்குள் இறங்கினோம். வேடிக்கை பார்க்கிற கூட்டம் சந்தைச் சுவர்களோடு நின்றுவிட்டது. தெற்கே யாரும் வரவில்லை, அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. இரண்டு தாள்களையும் ஒட்டிய வரைபடத்தின் நகல் என் கையில் இருந்தது. காய்ந்த சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது, ஒவ்வொரு பாளத்துக்கு அடியிலும் ஈரம். முதலில் புகைபோக்கியின் அடிக்கட்டை. அதிலிருந்து கால்வாயின் பள்ளம், பாலத்தின் இரண்டு தூண்கள். வரைபடத்தில் இருந்தபடியே எல்லாம் இருந்தன. பாலத்தைத் தாண்டியதும் வரைபடத்தில் வெறுமை. தரையில் வரிசை வரிசையாகப் பள்ளங்கள்.

அக்காதான் முதலில் செங்கலைப் பார்த்தாள். ஓடிப் போய் முட்டி போட்டுச் சேற்றைத் துடைத்தாள். நாயின் பாதம், நான்கு விரலும் நடுவில் மெத்தையும் தெளிவாக. "அப்பா" என்று சத்தமாகவே சொன்னாள். நான் அவள் பக்கம் நடந்தேன். நடக்கும்போது என் கால் இன்னொன்றில் இடறியது. குனிந்து துடைத்தேன். அதிலும் நாயின் பாதம்.

அடுத்த பள்ளத்தின் தலைமாட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்ததில் பூனையோ என்னவோ, சின்னப் பாதம். இன்னொன்றில் கோழியின் கால். எனக்குப் புத்தி மெதுவாகத்தான் வேலை செய்தது. மிருகம் மிதித்த செங்கலை யாரும் வாங்க மாட்டார்கள். விலை போகாததைச் சூளைக்காரர்கள் சும்மா எடுத்துக்கொள்ளலாம். கல் வாங்க முடியாத அத்தனை குடும்பமும் அதைத்தான் எடுத்து வந்து நட்டிருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் தோன்றிய யோசனை இல்லை அது. அம்மாவுக்கு அது தெரிந்திருக்காதா என்று கேட்டால், தெரிந்திருக்கும். ஆனால் அவள் அங்கே நடமாடிய நாட்களில் மண் புதிதாக இருந்தது, கால் தானாகப் போய் நின்றிருக்கும். இப்போது எல்லாம் ஒரே சேறு.

அக்கா ஒவ்வொரு செங்கலாகத் துடைத்துக்கொண்டே போனாள். நான் அவளை நிறுத்தவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியபோது ஒரு பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கைவரை சேறு. "இதுல அப்பா எவர்டா?" என்று கேட்டாள். நான் வரைபடத்தைப் பார்த்தேன். பழக்கதோஷம். அதில் என்ன இருக்கப் போகிறது.

கிளம்பும்போது அவள் முதலில் பார்த்த செங்கலைப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் அம்மா தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லிக் காத்திருந்தாள். "கிடைச்சாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். "கிடைச்சார்ம்மா. நீங்க சொன்ன இடத்துலயே. செங்கல் அசையாம அப்படியே நின்னுது. குச்சி நட்டு அடையாளம் வெச்சுட்டு, உங்களுக்குக் காட்ட எடுத்துட்டு வந்தேன்." பையிலிருந்து எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள். பேச்சில் ஒரு தடுமாற்றம் இல்லை. அம்மா ஆள்காட்டி விரலால் அந்தப் பாதத்தின் ஒவ்வொரு விரலையும் தடவினாள். "இதுதான். முன்னங்கால்" என்றாள். அவள் முகம் அப்படித் தெளிந்ததை நான் பார்த்ததில்லை. அக்காவை முறைத்தேன். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை.

மில்லிமீட்டரிடம் போய், இடுகாட்டின் தெற்குப் பாதியையும் வரைந்துவிடலாமா என்று கேட்டேன். நான் போய்ப் பார்த்ததை, வரிசைகளை, எல்லாம் சொன்னேன். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ரொம்ப வருத்தமா இருக்குப்பா" என்றார். "ஆனா இது அந்தக் காலத்துப் படம். அவங்க வரையாததை நாம வரைஞ்சா அது நம்ம படமாயிடும்." அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். இரண்டு தாள்களையும் ஒட்டி அனுப்பினேன். தையல் தெரியாமல் ஒட்டியிருப்பதாகப் பாராட்டினார்கள்.

அந்த வாரம் அம்மா சாப்பாட்டை நிறுத்தினாள்.

முதலில் பசியில்லை என்றாள். பிறகு கரண்டி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு உண்மையைச் சொன்னாள். "மேகம் கூடுதுன்னு பால்காரன் சொன்னான். தண்ணி திரும்பி வர்றதுக்குள்ள நான் போகணும். நீ குறுக்கே நிக்காதே." தண்ணீர் மட்டும் குடித்தாள், அதுவும் அக்காவின் திருப்திக்காக. காலையில் கண் விழித்ததும், "ஏரி எப்படியிருக்கு?" என்பாள். இறங்கியிருக்கிறது என்றால் தலையை ஆட்டிக்கொள்வாள், வீடு தாழிட்டிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள் போல.

அக்கா வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். "ஆஸ்பத்திரியில எத்தனை பேரைச் சாப்பிட வெச்சிருக்கேன். ஒரு பொய் சொன்னேன், நிம்மதியா இருக்கட்டும்னு. அதைப் பிடிச்சுக்கிட்டு இவங்க கிளம்பிட்டாங்களேடா." உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். எது அப்பாவின் குழி என்று யாருக்கும் தெரியாது என்று சொன்னால் இந்தப் பிடிவாதம் விடும். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

மழை ஒரு மத்தியானம் வந்தது. முதலில் தகரக் கூரைகளில் சடசடவென்று கற்கள் விழுவது போல ஒரு சத்தம். அடுத்த நிமிடம் தெருவே வெளியே வந்துவிட்டது. வாளி, குடம், குளியல் தொட்டி என்று கையில் கிடைத்ததை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சட்டையோடு நனைந்துகொண்டு யாரோ ஒரு கிழவரைக் கட்டிப் பிடித்துக் குதித்தார். எங்கள் தெருவில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுப் பெண்கள் கைகோத்து ஆடினார்கள். ஊருக்கே உயிர் வந்தது. நான் மட்டும் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு ஓடினேன்.

அக்காவைச் சமையலறைக்கு இழுத்துப் போனேன். "இப்போ சொல்லிடு. மழை கொட்டுது, ஏரி ஏறுது, இனிமே அங்க போக முடியாதுன்னு சொல்லு. அம்மா சாப்பிடுவாங்க."

"சாப்பிட்டு?"

"உயிரோட இருப்பாங்க."

"எதுக்குடா? மேல இருக்கிற அந்த அரை ஆளுக்காகவா? தினம் படுத்துக்கிட்டு, அவர் தண்ணிக்கு அடியில கிடக்கிறாரு, நான் அங்க போக முடியலன்னு நினைச்சுக்கிட்டே இருக்கிறதுக்கா?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு அம்மா வேணும்டா. உன்னைவிட எனக்குத்தான் வேணும். நான் வேற யாரை வெச்சிருக்கேன்?"

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "என்ன சத்தம் அது? மழையா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவருகே போய் நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் அம்மா எங்கள் கையில் இருப்பாள். அவள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

"தூறல்மா. ரெண்டு சொட்டு விழுந்ததுக்கு இதுங்க ஆடுதுங்க. மண்ணுகூட நனையல."

"ஏரிக்குப் பத்தாதே?"

"அதுக்கெல்லாம் பத்தாது. நீங்க தூங்குங்க."

மழை நிற்கவில்லை. ஏரி ஏறியது. முதலில் பாலம் போனது, பிறகு புகைபோக்கியின் அடிக்கட்டை, பிறகு சந்தைச் சுவர்கள். அம்மா தினமும் கேட்டாள். அக்கா தினமும் இறங்கியிருக்கிறது என்றாள். குடையை வாசலிலேயே விட்டு, தலையைத் துவட்டிவிட்டுத்தான் அம்மாவின் அறைக்குள் போவோம். செங்கல் தலையணைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கடைசி நாள் காலையில் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "தாமதம் பண்ணாம தூக்கிட்டுப் போயிடுங்கடா, தண்ணி வந்துடப் போகுது" என்றாள். சரிம்மா என்றேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

குன்றில் அப்பா பெயர் போட்ட குழியையே திறக்கச் சொன்னாள் அக்கா. எனக்கு வியப்பாக இருந்தது. அம்மாவுக்கு அது பிடிக்காதே என்றேன். "அம்மாவைத் தனியா விடச் சொல்றியா?" என்றாள். "யாரா இருந்தா என்ன, நான் இத்தனை வருஷம் பார்த்துக்கிட்ட ஆள். தப்பா நடந்துக்க மாட்டார்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருந்தால் அந்தக் காலையைத் தாண்டியிருக்க மாட்டோம்.

குழி வெட்டுபவரிடம் செங்கலைக் கொடுத்துத் தலைமாட்டில் நடச் சொல்லி முன்னதாகவே அனுப்பிவிட்டோம். பாதை சேறாகக் கிடந்ததால் வண்டி ஏறவில்லை. பெட்டியைத் தோளில் சுமந்துதான் போனோம். குன்றுப் பாதையில் பாதி தூரத்தில் ஒரு திருப்பம் உண்டு. அங்கிருந்து பார்த்தால் ஏரி முழுவதும் தெரியும். கரைவரை நிரம்பி, படகுகள் திரும்ப வந்து, பார்க்க அழகாகத்தான் இருந்தது. சுமந்தவர்களில் ஒருவர் தன்னை மறந்து, "அடேயப்பா, எவ்வளவு தண்ணி" என்றார்.

அக்கா ஓடி வந்து பெட்டிக்கும் ஏரிக்கும் நடுவில் புகுந்துகொண்டாள். தன் தலைக்கு மேல் இருந்த குடையை இறக்கி, ஏரிப் பக்கம் திரை மாதிரிச் சாய்த்துப் பிடித்தாள். மழை அவள் மேல் கொட்டியது. திருப்பம் முடிந்து ஏரி மறையும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு, பெட்டியோடு ஒட்டி நடந்து வந்தாள்.